ஊசி போடும் முன் இதைப் படி

நாயகம்,

நேற்றுச் சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸில் ஏறிப் போனவன், அரைக்கிலோ எடைக்கல்லைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மறந்து விட்டாயா, அம்மா கண்ணில் படட்டும் என்று வைத்துவிட்டுப் போனாயா, எனக்குத் தெரியவில்லை. காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்தேன். பார்த்ததும் வந்த ஆத்திரத்தில் தெருவில் தூக்கி எறிந்திருப்பேன், ஆனால் பூக்கடைக்காரிக்கு எடைக்கல்லை எறிய மனசு வராது. உன் மணிக்கட்டுப் பயிற்சிக்கென்று நம் கடையிலிருந்து நானே துடைத்துக் கொண்டுவந்து கொடுத்த கல் அது. திங்கட்கிழமை ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவனுக்குக் கல் எதற்கு என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனிமேல் நான் எங்கே சுற்றி எங்கே போனாலும் உனக்குக் குழப்பம் வராது.

போனில் சொல்லலாம் என்றால் காலையிலிருந்து எத்தனை தரம் அடித்தும் நீ எடுக்கவில்லை. நம் அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழா நாளைக்கு மறுநாள். ஊரே பூவுக்கு அலைகிறது, மல்லியும் பிச்சியும் வந்து இறங்கினதும் பறக்கிறது. நான் கடையைப் பக்கத்துக் கடை மாடசாமி அண்ணாச்சி கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். "தபசு நேரத்துல கடைய விட்டுட்டு எங்க போற தாயி, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். ஆமாம், கிறுக்குத்தான். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து நடந்தால் குதிகால் குத்துகிறது, மறுபடி உட்காருகிறேன். எழுதி முடித்ததும் அப்பா இதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவார். குடும்பக் குரூப்பிலும் போடச் சொல்லப்போகிறேன். உன் சித்தப்பா மகள் சென்னையில் உன்னை மாதிரியே சுவரிலும் பாறையிலும் ஏறப் பழகுகிறாளாம், அவளுக்கும் அவளைப் பெற்றவளுக்கும் உதவட்டும். வீட்டுச் சண்டை சந்திக்கு வந்துவிட்டதே என்று நீ கூச்சப்படாதே. அது நேற்றே பஸ் ஸ்டாண்டில் வந்துவிட்டது, பாதி ஊர் பார்த்தாயிற்று.

ஆனி மாதத்தில் ஒரு நாள் போனில், "எம்மா, மொழங்கை உள்பக்கம் வலிக்கும்மா, பாறையப் பிடிச்சு இழுத்தா சுரீர்னு ஏறுது" என்று சொன்னாயே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். நான் ஐயையோ என்று பதறினேன், வாயால். உள்ளே என்ன நடந்தது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. வலி கொஞ்சம் கூடினால் இந்தப் பாறை ஏறுகிற பைத்தியம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். பெற்றவள் பிள்ளையின் வலியைக் கேட்டு நிம்மதி அடைவாளா என்று கேட்காதே, அடைந்தேன். பரணில் இருக்கிற வெண்கலப் பானையை எடுத்துத் தரச் சொன்னால், "தல சுத்துதும்மா" என்று ஏணியை விட்டு இறங்கி ஓடின பிள்ளை நீ. அந்தப் பிள்ளை வேலைக்குப் போன ஊரில் ஆபீஸ் கூட்டாளிகளோடு சேர்ந்து முதலில் கலர் கலராகக் கட்டை பதித்த சுவரில் ஏறினான், பிறகு ராமநகரத்துப் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டான் என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? சனி ஞாயிறு வந்தால் போதும், பூவை நிறுக்கும்போது தராசில் முள் நின்றாலும் என் மனசு நிற்காது.

வலியோடு நீ ஊருக்கு வந்தாய், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலையைப் பார்க்கிறேன் என்றாய். எனக்கு ரெட்டைச் சந்தோஷம். மறுநாளே உன்னைக் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனேன். நீ வேண்டாம் வேண்டாம் என்றாய். நான்தான், "ஏலே, எத்தன பேரு கைகாலு இவரு கையில சரியாயிருக்கு, ஒனக்கு மட்டும் என்ன தங்கத்துலயா செஞ்சிருக்கு?" என்று அதட்டினேன். அவர் எண்ணெய் ஊற்றி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அழுத்தி உருவினார். நீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு முட்டை வெள்ளையும் உளுந்தமாவும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது, முறிந்த எலும்புக்கு அவர் கை நல்ல கைதான். உனக்கு எலும்பு முறியவில்லை என்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும். போதாததற்குக் கட்டுக்கு மேலே கோயில் புற்றுமண்ணையும் பூசிவிட்டேன். வாரக்கணக்கில் நீ இடது கையால் தோசையைப் பிய்த்தாய், நான் மாவு ஊற்றிக்கொண்டே இருந்தேன். என் பிள்ளை தரையில் இருக்கிறான் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

கட்டை அவிழ்த்தபோது வலி இல்லை. கையை நீட்டி மடக்கி, "போயிருச்சும்மா!" என்று குதித்தாய். அந்த வாரம்தான் கோயிலில் கொடியேறினது. கொடியேறிவிட்டால் நம் ஊரில் யார் கால் சும்மா இருக்கிறது? அம்மன் தபசு இருக்கிற நாட்கள், வேண்டுதல் உள்ளவர்கள் எல்லாம் ஆடிச்சுற்று என்று பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். நானும் நேர்ந்துகொண்டு நடந்தேன். விவரம் தெரிந்தவர்கள் சுற்றுகளைத் தினம் கொஞ்சமாகப் பிரித்து, தபசுக்கு முதல் நாள் வரைக்கும் நடப்பார்கள். வருஷம் முழுக்கக் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூ நிறுக்கிற நான், எதையும் சட்டுப்புட்டென்று முடித்தால்தான் எனக்கு ஆகும் என்று, வெறுங்காலோடு கல் தரையில், முதல் ரெண்டு நாளிலேயே பாதிக்கு மேல் சுற்றித் தள்ளிவிட்டேன். வீட்டுக்கு வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்திருந்தபோது நீ கேட்டாய், "கைதான் சரியாயிட்டே, இன்னும் என்னத்துக்கும்மா இப்பிடிச் சுத்துத?" நான், "முழுசாச் சரியாகணும்லா" என்றேன். அது பொய். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் இருந்த நேரத்தில் நீ சிநேகிதன் பைக்கை எடுத்துக்கொண்டு இளையரசனேந்தல் பக்கம் ஏதோ பாறைக் கரட்டுக்குப் போய்விட்டாய். வாரக்கணக்கில் கட்டிப் போட்டிருந்த கை, அவிழ்த்துவிட்டதும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளியிருக்கிறது. மத்தியானம் வரைக்கும் ஏறி ஏறி இறங்கினாயாம். சாயங்காலம் நான் காபி ஆற்றிக் கொடுத்த டம்ளரை வாங்கினாய், வாங்கின கை அதைப் பிடிக்க முடியாமல் கீழே விட்டுவிட்டது. காபி என் சேலையில் கொட்டியது. நீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றாய், நான் உன் முகத்தைப் பார்த்தேன். "முந்தியவிடக் கூட வலிக்கும்மா" என்றாய். உன்னைப் பிடித்து உட்காரவைக்க எழுந்தேன், என் குதிகால் தரையில் பட்டதும் நானே உட்கார்ந்துவிட்டேன். அப்பா அடுப்படி வாசலில் நின்று ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் ராஜபாளையம் சாலையில் மருந்துக்கடை மாடியில் இருக்கிற அந்தப் பிசியோதெரபி பெண் ஜெபாவிடம் போனோம். உன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு காலால் படியேற, நீ வலது கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வர, "யாருக்குப் பாக்கணும்?" என்று கேட்டாள். "ரெண்டு உருப்படிக்கும் பாரு தாயி" என்றேன். உன் உள்ளங்கையில் அவள் கையை வைத்து மணிக்கட்டை மடக்கச் சொன்னாள், முழங்கையின் உள்பக்கத்து எலும்பு முனையில் விரலால் அழுத்தினாள், நீ துள்ளினாய். "சுண்டு வெரலு மரத்துப் போகுதா? கூசுதா?" என்று கேட்டாள். இல்லை என்றாய். அப்படி மரத்துப்போனால் அது நரம்பு சம்பந்தப்பட்டது, வேறு டாக்டரைப் பார்க்க வேண்டும், இது அது இல்லை என்றாள். பிறகு என் குதிகாலைப் பார்த்தாள், எவ்வளவு சுற்றினேன், எத்தனை நாளில் என்று கேட்டாள். சொன்னதும் சிரித்துவிட்டாள். "அம்மாவும் புள்ளயும் ஒரே வேலையத்தாம்மா செஞ்சிருக்கிய. ஒண்ணுமே செய்யாம இருந்துட்டு, அப்புறம் ஒரே மூச்சுல எல்லாத்தையும் செஞ்சிருக்கிய" என்றாள்.

தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கிற நார் இருக்கிறதாம், தசைநாண் என்றாள். உனக்கு முழங்கையில், எனக்குக் குதிகாலுக்கு அடியில் அதே மாதிரி இன்னொரு நார். தசை சீக்கிரம் பலமாகிவிடும், நார் பைய பையத்தான் பலமாகும். "அண்ணனுக்குத் தச முன்னால ஓடிருச்சு, நாரு பின்னால நிக்கி. சும்மா கட்டிப்போட்டா அது இன்னும் நோஞ்சானாப் போகும். திடீர்னு இழுத்தா நொந்துபோகும். ரெண்டுக்கும் நடுவுல போகணும்" என்றாள். நான் ஆவலாக, "அப்ப ஏறுததையே விட்டுரணும், அப்பிடித்தானம்மா?" என்று எடுத்துக் கொடுத்தேன். "விட வேண்டாம்மா, கொறைச்சாப் போதும். வலி அதிகமாகாத அளவுக்குப் பெரிய பெரிய பிடியாப் பாத்து லேசா ஏறலாம்" என்றாள். உன் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆயிற்று. என் முகம் எப்படி ஆயிற்று என்று நீ கவனித்திருப்பாய்.

அவள் சொன்னதை எல்லாம் நீ காற்றில் விட்டிருப்பாய், எனக்கு மனப்பாடம், கேட்டுக்கொள். முன்கையை மேசையில் வை, உள்ளங்கை மேலே பார்க்கட்டும், மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கல்லை இடது கையால் உதவி மேலே தூக்கிவிடு, இறக்குவதை மட்டும் வலது கை தனியாகச் செய்யட்டும், அவசரப்படாமல், இறக்குகிறோமா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெதுவாக. அப்போது கொஞ்சம் வலித்தால் பயப்படாதே. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் கல் கனம் என்று அர்த்தம், குறைத்துக்கொள். கூடவில்லை என்றால் சில வாரம் போன பிறகு கனத்தைக் கூட்டு. பொட்டலம் கட்டுகிற ரப்பர் பேண்டை ஐந்து விரலிலும் மாட்டிக்கொண்டு விரி. நீ பிடிக்கிறாய், இழுக்கிறாய், எப்போதும் அதே வேலை, எதிர்ப்பக்கத்துத் தசை பட்டினி கிடக்கிறது, அதனால் தண்டால் எடு என்றாள். தூங்கி எழுந்த கையோடு பாறையைத் தொடாதே, உடம்பு சூடாகட்டும், முதலில் லேசானதில் ஏறு. ஒரு நாள் கஷ்டமானதில் ஏறினால் மறுநாள் கைக்கு ஓய்வு கொடு. விரல் நுனி மட்டும் நிற்கிற பிடியில் தொங்குவதைக் கை தேறும் வரைக்கும் நினைக்காதே. மாதக்கணக்கில் ஆகும் என்றாள், அங்கேதான் உனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் மேசையில் நீ கல்லை இறக்கினாய், நான் எதிரே உட்கார்ந்து "பைய, பைய" என்பேன். "நீ பேசாம இரும்மா, நீ கத்துத கத்துல கல்லு தானா விழுந்துரும்" என்பாய். அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன.

அன்றைக்கு நீ படியிறங்கின பிறகு, குடையை மறந்துவிட்டேன் என்று நான் திரும்ப உள்ளே போனேனே, குடை என் கக்கத்தில்தான் இருந்தது. ஜெபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் பேச்சுன்னா கேப்பான். இனி ஏறவே கூடாது, ஏறுனா கை போயிரும்னு ஒரு வார்த்த சொல்லிரு தாயி" என்று கெஞ்சினேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. "நான் ஒரு பொய் சொன்னா, அப்புறம் நான் சொல்லுத நெசத்தையும் அவுக கேக்கமாட்டாவம்மா" என்றாள். வெளியே வந்தபோது நீ பாதிப்படியில் நின்றுகொண்டிருந்தாய். ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாய், நானும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். உன் காதில் விழவில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன்.

விழுந்திருக்கிறது. நேற்றுப் பஸ் ஸ்டாண்டில் அது வெளியே வந்தது. தபசைக்கூடப் பார்க்காமல் ஏன் ஓடுகிறாய் என்று கேட்டதற்கு, பெங்களூரில் ஒரு டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடுகிறேன் என்றிருக்கிறார், திங்கட்கிழமை போட்டுக்கொண்டால் வலி அடங்கிவிடும், அடுத்த வாரமே கூட்டாளிகளோடு பாதாமிக்குப் போகலாம் என்றாய். போன வருஷம் நீ ஏற முடியாமல் திரும்பி வந்த பாறை அங்கே இருக்கிறதாம். "ஏலே, வேண்டாம்லே, ஜெபா என்ன சொன்னா, நாளாகும்னு சொன்னாள்லா" என்றேன். "அது ஜெபா சொன்னதா, நீ சொல்லச் சொன்னதா?" என்று கேட்டாய். பக்கத்தில் கைமுறுக்கு விற்கிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான். "ஒனக்கு என் கை சரியாகணும்னு ஆசையே கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டு நீ ஏறிவிட்டாய்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஆங்காரமாகச் சொன்னேன். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, கைத்தறிச் சங்கத்து ஆபீசில் பேசுகிற நாலு வார்த்தையோடு அன்றைய கணக்கு முடிந்துவிடும். சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "ஏட்டி, நீ அவன் கையப் பத்திப் பேசுதியா, மலையப் பத்திப் பேசுதியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மக்கா, நான் அம்மனிடம் உன் கை சரியாக வேண்டும் என்று நேர்ந்துகொள்ளவே இல்லை. கைதான் சரியாகியிருந்ததே அப்போது. என் பிள்ளை இனிமேல் பாறையைத் தொடக் கூடாது தாயே, எப்படியாவது நிறுத்திவிடு என்று கேட்டுத்தான் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அதையே சொன்னேன். அந்த டம்ளர் விழுந்த சாயங்காலம், நான் கேட்டதை அவள் கொடுத்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. உன்னிடம் சொல்லப் பயந்துகொண்டு, கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன், அங்கே போய் மறுபடியும் அதையே கேட்டேன் பார், என்னை என்ன சொல்வது?

காலையில் மார்க்கெட்டில் மனசு ஒட்டாமல் வீட்டுக்கு வந்ததும், அப்பா போனை என் முன்னால் வைத்தார். நீ எப்போதோ அனுப்பின வீடியோ. இத்தனை நாளாக நீ எதை அனுப்பினாலும் நான் திறக்கமாட்டேன், "பாத்தேன் பாத்தேன், நல்லாருக்கு" என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். இன்றைக்குப் பார்த்தேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டேன், அப்பா கையைத் தட்டிவிட்டார். இடுப்பில் கயிறு, கீழே ஒருத்தன் அதைப் பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், யார் பெற்ற பிள்ளையோ, நன்றாயிருக்கட்டும். நீ அவசரப்படவே இல்லை. எங்கே காலை வைப்பது என்று பார்த்துப் பார்த்து வைக்கிறாய். வீட்டில் செருப்பை எங்கே விட்டோம் என்று தெரியாத பிள்ளை! திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கை ஓய ஓய உன் வலது முழங்கை பாறையை விட்டு வெளியே, மேலே கிளம்புகிறது, கோழி சிறகைத் தூக்குவது மாதிரி. ஜெபா கிளினிக்கில் உன் கையை இப்படி வைத்துத்தான் காட்டினாள், களைத்துப் போனால் முழங்கை மேலே வரும், அங்கேதான் நாருக்குக் கேடு, அது வந்தால் இறங்கிவிட வேண்டும் என்றாள். நீ இறங்கவில்லை. அப்படியே இழுத்து மேலே போய்விட்டாய். மேலே போய்த் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பை நம் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது கையைப் பற்றி மட்டும் பேசுகிறேன், மலையை விட்டுவிட்டேன், நம்பு. ஜெபாவிடம் கொஞ்ச நேரத்துக்கு முன்பு போன் போட்டுக் கேட்டேன். எதைச் சொல்லச் சொல்லியும் கெஞ்சவில்லை, கேட்டதோடு சரி. அந்த ஊசி வலியை அடக்கும், அது உண்மைதான் என்றாள். சில பேருக்குத் தேவைப்பட்டுப் போடுகிறதும் உண்டாம். "ஆனா வலி அடங்குததுதாம்மா பயமே. நாரு தேறியிருக்காது, வலி இல்லங்கிற தைரியத்துல அண்ணன் முழு வேகத்துல தொங்குவாவ. கொஞ்ச நாளு நல்லாருக்கும், அப்புறம் திரும்ப வரும், கூடுதலாவும் வரலாம். ஊசி போட்ட மறுவாரமே பாறைன்னா நான் ஒத்துக்கமாட்டேன்" என்றாள். வலி உன்னைப் பிடித்து நிறுத்துகிற கயிறு என்று வைத்துக்கொள், ஊசி அதை அறுத்துவிடும். சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்காதே, அவளைக் கேள், அங்கேயே பாறை ஏறுகிறவர்களைப் பார்க்கிற வேறு டாக்டர் இருந்தால் அவரையும் கேள். பாதாமிப் பாறை எங்கும் போய்விடாது. மார்கழியிலும் இருக்கும், தையிலும் இருக்கும். கல்லைப் பார்சலில் அனுப்புகிறேன், அல்லது அங்கேயே ஒன்றை வாங்கிக்கொள், தண்ணீர் பாட்டில்கூடப் போதும் என்றாளே.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போய்வந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் நடை திறந்த நேரம், எள் போட்டால் விழாத கூட்டம், சுற்றுகிறவர்கள் ஓடாத குறையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெபா தினம் கொஞ்சமாகச் சுற்றலாம் என்று சொல்லியிருந்தாள், அப்படியே சுற்றி வந்ததில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது, மெதுவாக நடந்தால் தபசுக்குள் முடித்துவிடலாம். தெரிந்தவள் ஒருத்தி, "என்ன மதினி, நிக்கிய, வாங்க, சேந்து சுத்துவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் போகவில்லை. உனக்குத் தெரியும், நேர்ந்ததை நான் ஒரு நாளும் பாக்கி வைத்தது கிடையாது. காய்ச்சலோடு போய்ப் பொங்கல் வைத்தவள். அம்மன் சன்னதிக்கு முன்னால் போய் நின்று, கூட்டத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "நான் கேட்டதத் தர வேண்டாம் தாயே. மிச்சத்த நான் சுத்தமாட்டேன்." பக்கத்தில் நின்ற பெண் என்னைத் திகைத்துப் பார்த்தாள். சாமிக்கு முன்னால் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. அம்மனுக்குக் கோபம் என்றால் என் காலோடு போகட்டும், உன் கைக்கு வராது. நீ பைய ஏறு மக்கா.